அமெரிக்காவில் வீட்டு வாடகை உதவியை எந்தக் காரணங்களுக்காக நிறுத்துவார்கள்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: நியூ ஜெர்சியில் செக்‌ஷன் 8 வவுச்சரில் (வாடகையில் ஒரு பங்கை அரசு கட்டும் உதவி) தனியாகக் குடியிருக்கும் உங்கள் தாயார் நான்கு மாதம் திருச்சிக்குப் போய் வந்திருக்கிறார். அந்த நாட்களில் உங்கள் தம்பி அந்த வீட்டில் தங்கி, அங்கிருந்தே வேலைக்கும் போயிருக்கிறார். தாயார் திரும்பிய பிறகும் அவர் இன்னும் கிளம்பவில்லை. இப்போது அந்த உதவியை நடத்தும் வீட்டுவசதி ஆணையத்திலிருந்து உதவி நிறுத்தப்படும் என்று கடிதம் வந்திருக்கிறது. என்னென்ன காரணங்களுக்காக இப்படி நிறுத்த முடியும், இந்த முடிவை மாற்ற வழி உண்டா, தம்பியை உடனே காலி செய்யச் சொல்லிவிட்டால் போதுமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

நான் வழக்கறிஞன் அல்ல. வாடகைதாரர்களுக்கு இலவசச் சட்ட உதவி தரும் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து, இத்தகைய விசாரணைகள் பலவற்றில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கற்றதில் முதன்மையானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் என்ன குற்றச்சாட்டு எழுதியிருக்கிறது என்பதைவிட, அந்தக் குற்றச்சாட்டுக்கு விதி எந்த வினைச்சொல்லைப் பயன்படுத்துகிறது என்பதே முக்கியம். சில காரணங்களுக்கு ஆணையம் உதவியை "நிறுத்த வேண்டும்" என்கிறது விதி. மற்றவற்றுக்கு "நிறுத்தலாம்" என்கிறது. முதல் வகை கைவிரல்களுக்குள் அடங்கும். கடிதங்களில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. ஆனால் கடிதத்தின் தொனி இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும் என்பதால், வாங்குகிறவர்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பெட்டி கட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

முதலில் தாயார் எந்தத் திட்டத்தில் இருக்கிறார் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். நம்மவர்கள் எல்லாவற்றையும் "லோ இன்கம் ஹவுசிங்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆணையமே கட்டிடத்தின் சொந்தக்காரராக இருந்தால் அது பொதுக் குடியிருப்பு. அங்கே உதவியை நிறுத்துவது என்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்வது, அதற்கு முடிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். முதியோருக்கென்று கட்டப்பட்ட பல அடுக்ககங்களில் மானியம் அந்தக் கட்டிடத்தோடு ஒட்டியது; அங்கே நிர்வாகமும் வாடகை ஒப்பந்தமும்தான் பேசும். வவுச்சர் என்பது குடும்பத்தோடு போகும் உதவி. தனியார் ஒருவரின் வீட்டில் குடியிருப்பீர்கள், ஆணையம் தன் பங்கை நேரே அவருக்கு அனுப்பும். ஆகவே வவுச்சரை நிறுத்த ஆணையத்துக்கு நீதிமன்றம் தேவையில்லை, ஒரு கடிதமும் (கேட்டால்) ஒரு விசாரணையும் போதும். அந்த விசாரணை ஒன்றுதான் குடும்பத்துக்கும் தெருவுக்கும் நடுவே நிற்கிறது என்பதால் அதைப் பற்றிக் கீழே சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

இதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். வவுச்சர் குடும்பம், விதிப்படியான கழிவுகள் போக எஞ்சும் மாத வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை வாடகைக்குத் தரும். அந்த வருமானம் 1,000 டாலர், வாடகை 1,700 டாலர் என்று வைத்துக்கொண்டால் தாயாரின் பங்கு 300, ஆணையத்தின் பங்கு 1,400. கடிதம் செயலுக்கு வந்த மாதத்திலிருந்து அந்த 1,400-உம் அவர் தலையில் விழும். புதிய வவுச்சருக்கான காத்திருப்புப் பட்டியல் பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் மூடியே கிடக்கிறது, திறந்தாலும் குலுக்கல்தான்.

இனி காரணங்கள். இவற்றில் பெரும்பாலானவை கூட்டாட்சி விதித்தொகுப்பின் 24-ஆம் தலைப்பில், 982-ஆம் பகுதியில், 551 முதல் 555 வரையிலான பிரிவுகளில் இருக்கின்றன. எழுதியது வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை. எல்லோரும் ஹட் என்றே சொல்வார்கள். அதன்கீழ் ஒவ்வோர் ஆணையமும் தனக்கென நிர்வாகத் திட்டம் ஒன்றை எழுதி வைத்திருக்கும். அது பொது ஆவணம், கேட்டால் தர வேண்டும், பெரும்பாலும் இணையதளத்திலேயே இருக்கும். ஹட் விதி "லாம்" என்று விட்ட இடங்களில் இந்த ஆணையம் என்ன செய்யும் என்பது அதில்தான் தெரியும்.

நிறுத்தியே ஆக வேண்டியவற்றை விரைவாகச் சொல்கிறேன். வவுச்சரில் குடியிருந்த வீட்டிலிருந்தே, வாடகை ஒப்பந்தத்தைக் கடுமையாக மீறியதற்காக நீதிமன்றத்தின் வழியே வெளியேற்றப்பட்டால் உதவி போய்விடும். வருமானத்தைச் சரிபார்ப்பதற்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட மறுத்தாலும், சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கான ஆவணங்களையோ குடியுரிமை அல்லது குடியேற்ற நிலைக்கான ஆவணங்களையோ தர மறுத்தாலும் அப்படித்தான். அரசு உதவி பெறும் குடியிருப்பின் வளாகத்தில் மெத்தம்ஃபெட்டமைன் தயாரித்ததாகத் தண்டனை பெற்றவர் குடும்பத்தில் இருந்தால் அதற்கும் விலக்கு இல்லை. சில கல்லூரி மாணவர்களுக்கான தனி விதி ஒன்றும் உண்டு. உங்களுக்கு அது தேவைப்படாது. இந்த வரிசையில் நீதிமன்ற வெளியேற்றத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: வீட்டுக்காரர் வழக்குப் போட்டால், தீர்ப்பு வரும்வரை இழுக்காமல், இன்ன தேதிக்குள் காலி செய்கிறோம் என்று சமரசம் பேசி, வெளியேற்றத் தீர்ப்பே பதிவாகாமல் பார்த்துக்கொள்ளும் வழக்கறிஞர்களை நான் கண்டிருக்கிறேன். வீடு போனாலும் வவுச்சர் தப்பிவிடும். வழக்கறிஞர் இல்லாமல் தனியாகப் போய், வெளியேற்றத் தீர்ப்புக்கே ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டையும் இழந்ததையும் கண்டிருக்கிறேன்.

"நிறுத்தலாம்" என்ற வகையில் முதலிடம் குடும்பத்தின் கடமைகளை மீறுவதற்கு. வவுச்சர் தாளிலேயே இந்தக் கடமைகள் அச்சாகியிருக்கும். கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. கேட்ட தகவலை உண்மையாகவும் முழுமையாகவும் தர வேண்டும், முன்னறிவிப்போடு வரும் ஆய்வாளரை வீட்டுக்குள் விட வேண்டும், குடும்பம் கட்ட வேண்டிய மின்சார, எரிவாயுக் கட்டணங்களைக் கட்ட வேண்டும், வழக்கமான தேய்மானத்துக்கு மேல் வீட்டைச் சேதப்படுத்தக் கூடாது, வீட்டை மாற்றுவதற்கு முன் ஆணையத்துக்கும் உரிமையாளருக்கும் அறிவிக்க வேண்டும், வீட்டுக்காரர் வெளியேற்ற நோட்டீஸ் கொடுத்தால் அதன் நகலை உடனே ஆணையத்திடம் சேர்க்க வேண்டும், வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ உள்வாடகைக்கு விடக் கூடாது, அதே நேரத்தில் வேறொரு வாடகை மானியம் வாங்கக் கூடாது. ஆணையத்துக்குத் தர வேண்டிய பாக்கி, திருப்பிச் செலுத்தும் ஒப்பந்தத்தில் தவணை தவறுதல், ஆணைய ஊழியர்களை மிரட்டுதல் ஆகியவையும் இந்த வகையில்தான் வருகின்றன. கடைசியாகச் சொன்னதைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். கவுண்டரில் கோபத்தில் கத்தியது கோப்பில் "அச்சுறுத்தல்" என்று ஏறிவிடும்.

வீட்டுக்காரருக்கு மறைவாகக் கூடுதல் வாடகை கொடுப்பதும் இங்கே வருகிறது. "ஆணையம் 1,700-க்குத்தான் ஒத்துக்கொள்ளும், நீங்கள் மாதம் 150 கையில் கொடுத்துவிடுங்கள்" என்று வீட்டுக்காரர் கேட்பதும், வீடு கிடைத்தால் போதும் என்று இவர்கள் ஒத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. அந்தத் தொகையைக் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமையே கிடையாது. ஆனால் வெளியே தெரியும்போது கொடுத்தவரின் வவுச்சரும் ஆபத்துக்குள்ளாகிறது.

ஆனாலும் நான் கண்ட கடிதங்களில் பெரும்பங்கு இரண்டே விஷயங்களைப் பற்றியவை: சொல்லாத வருமானம், சொல்லாத ஆள். உங்கள் கடிதத்திலும் அவைதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வருமானத்தைப் பொறுத்தவரை, ஆணையத்திடம் மின்னணுச் சரிபார்ப்பு முறை ஒன்று இருக்கிறது. முதலாளிகள் அரசுக்கு அனுப்பும் ஊதியக் கணக்குகளும் சமூகப் பாதுகாப்புத் துறையின் தரவுகளும் அதில் வந்து சேர்கின்றன. குடும்பம் சொன்ன தொகையும் அந்தத் தொகையும் ஒத்துப்போகாவிட்டால் கோப்பு தனியே எடுத்து வைக்கப்படும். ஒரு மகன் மாதம் 2,000 டாலர் சம்பாதித்ததைப் பத்து மாதம் சொல்லவில்லை என்றால், அதில் 30 சதவீதமான 600 டாலர் வீதம் 6,000 டாலர் அதிகமாகக் கொடுத்துவிட்டோம் என்று ஆணையம் கணக்குப் போடும். அந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் ஊதியம் வருமானத்தில் சேராது. குடும்பத் தலைவரோ அவருடைய துணைவரோ அல்லாத முழுநேர மாணவர் பதினெட்டு வயதைக் கடந்தவரானாலும், அவருடைய ஊதியத்தில் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை மட்டுமே சேரும். அது நெடுங்காலம் 480 டாலராக இருந்தது. இந்த விலக்குகளைப் போட்டுப் பார்த்ததும் "மோசடி" என்று எழுதப்பட்டிருந்த தொகை பாதியாகவும் கால்வாசியாகவும் சுருங்கியது உண்டு. மறந்துபோனதும் மறைத்ததும் ஒன்றல்ல. மறந்ததற்குத் தவணையில் திருப்பிச் செலுத்தும் ஒப்பந்தம் போடச் சம்மதிக்கும் ஆணையங்கள் பல. அவ்வாறு சம்மதிப்பார்களா என்பது அவர்களுடைய நிர்வாகத் திட்டத்தில் இருக்கும்.

ஆள் விஷயம் இதைவிடச் சிக்கலானது. வீட்டில் யார் யார் வசிக்கிறார்கள் என்பதை ஆணையம் ஏற்றிருக்க வேண்டும். குழந்தை பிறந்தாலோ, தத்தெடுத்தாலோ, நீதிமன்றம் குழந்தையின் பொறுப்பைக் கொடுத்தாலோ தெரிவித்தால் போதும். வேறு யாரைச் சேர்ப்பதானாலும் முன்னதாக அனுமதி கேட்க வேண்டும். விருந்தாளி வரலாம், ஆனால் எத்தனை நாள் தங்கினால் விருந்தாளி வசிப்பவராக மாறுகிறார் என்ற எல்லையை ஆணையத்தின் திட்டமும் வாடகை ஒப்பந்தமும் வகுக்கின்றன. தொடர்ந்து 14 நாள் என்றோ ஆண்டுக்கு 30 நாள் என்றோ இருக்கலாம். நம் வீடுகளில் மகன் அம்மா வீட்டில் தங்குவதை யாரும் விருந்தாளிக் கணக்கில் வைப்பதில்லை. ஆணையத்துக்கு அந்த உறவு ஒரு பொருட்டே அல்ல. அதைவிடக் கடினமான ஒன்றும் இருக்கிறது. குடியேற்ற நிலையால் உதவிக்குத் தகுதியில்லாத ஒருவரைத் தெரிந்தே, ஆணையத்துக்குச் சொல்லாமல், நிரந்தரமாகக் குடிவைத்தால் குறைந்தது 24 மாதங்களுக்கு உதவியை நிறுத்த வேண்டும் என்கிறது விதி. சொல்லிவிட்டுச் சேர்த்திருந்தால் அவருக்கு உரிய பங்கை மட்டும் கழித்துக்கொண்டு மற்றவர்களுக்கு உதவி தொடர்ந்திருக்கும்.

ஆனால் ஆள் இருந்தார் என்பதை நிரூபிக்க வேண்டியது யார்? 2008-இல் பதினோராவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரித்த பாஸ்கோ எதிர் மேச்சின் வழக்கு புளோரிடாவிலிருந்து வந்தது. அனுமதியில்லாத ஒருவர் வீட்டில் வசித்தார் என்பதற்கு ஆணையம் காட்டிய ஆதாரம் இரண்டு காவல்துறை அறிக்கைகள் மட்டுமே. அது போதாது, குற்றச்சாட்டை நிலைநாட்டும் பொறுப்பு ஆணையத்தைச் சேர்ந்தது என்று நீதிமன்றம் சொன்னது. நியூ ஜெர்சி அந்த நீதிமன்றத்தின் வட்டாரத்துக்குள் வராது என்றாலும், நாடு முழுவதும் வாடகைதாரர் தரப்பு வழக்கறிஞர்கள் கையில் எடுத்துப்போகும் தீர்ப்பு அது.

நான் உடனிருந்த ஒரு விசாரணையைச் சொல்கிறேன். ஒரு பெரியவர் வீட்டில் மகள் குடியிருக்கிறாள் என்பது குற்றச்சாட்டு. ஆதாரம், மகள் பெயருக்கு அந்த முகவரியில் வந்த பார்சல் ஒன்றின் மேலட்டையை எடுத்த புகைப்படம். விசாரணைக்கு முன்பே கோப்பு முழுவதையும் கேட்டு வாங்கியிருந்தோம். அதன் நடுவில், ஆணையத்தின் சொந்த ஆய்வாளர் மூன்று மாதம் முன்பு எழுதிய ஆய்வுத்தாள் இருந்தது. வீட்டின் நிலையைக் குறித்துக்கொண்டு போனவர், ஓரத்தில் கையால் "ஒற்றைக் கட்டில், வாக்கர், குளியலறையில் ஒரு பிரஷ்" என்று எழுதியிருந்தார். அவர் எதற்காக அதை எழுதினாரோ தெரியாது. விசாரணை அதிகாரி அந்த வரியை இரண்டு முறை படித்தார், பார்சல் படத்தைத் திருப்பி வைத்துவிட்டார்.

வீட்டில் இல்லாமல் இருப்பது அடுத்த காரணம். ஊருக்குப் போய்வரும் பெற்றோர்களை இதுதான் அதிகம் சிக்கவைக்கிறது. குடும்பத்தில் ஒருவர்கூட வீட்டில் இல்லாத நிலை தொடர்ந்து 180 நாட்களைத் தாண்டக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக் கூடாது என்கிறது விதி. மருத்துவமனையோ மரணமோ விமானம் கிடைக்காததோ அங்கே எடுபடாது. அதற்கும் குறைந்த எல்லையை ஆணையமே வைத்துக்கொள்ளலாம், பலர் வைத்திருக்கிறார்கள். கணவன் மனைவி இருவரில் ஒருவர் இங்கே இருந்தால் வீடு காலியாகக் கருதப்படாது. போகுமுன் எழுத்தில் தெரிவித்து, திரும்பும் தேதியுள்ள டிக்கெட்டின் நகலைக் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு இந்தச் சிக்கல் அநேகமாக வருவதில்லை. இதனோடு ஒட்டிய இன்னொன்று: தாயார் எஸ்.எஸ்.ஐ. எனப்படும் துணை வருமான உதவி வாங்குகிறார் என்றால், தொடர்ந்து 30 நாள் நாட்டுக்கு வெளியே இருந்தாலே அது நின்றுவிடும். திரும்பி வந்து தொடர்ந்து 30 நாள் இங்கே இருந்த பிறகுதான் மீண்டும் தொடங்கும். அவர் வெளிநாட்டில் இருந்தது சமூகப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிந்திருந்தால் வீட்டுவசதி ஆணையத்துக்கும் அது எட்டியிருக்கக்கூடும். இரண்டு அலுவலகங்களிலும் சொல்வது ஒரே தேதிகளாக இருக்கட்டும்.

குற்றச்செயல் தொடர்பான காரணங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படலாம். 2002-இல் உச்ச நீதிமன்றம் ரக்கர் வழக்கில் அளித்த தீர்ப்பு பொதுக் குடியிருப்பு உலகையே உலுக்கியது. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் வசித்த பெர்லி ரக்கர் என்ற மூதாட்டியின் மகள், வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளிப் போதைப்பொருளோடு பிடிபட்டார். தாய்க்கு அது தெரியாது என்றாலும் வெளியேற்றலாம், சட்டத்தில் "எந்தப்" போதைப்பொருள் குற்றமும் என்று இருக்கும்போது தெரிந்ததா தெரியாததா என்ற கேள்விக்கு இடமில்லை என்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். இதை வைத்துப் பயமுறுத்துகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: வெளியேற்றலாம் என்றுதான் தீர்ப்பு, வெளியேற்றியே தீர வேண்டும் என்று இல்லை. வவுச்சரில் இத்தகைய காரணத்துக்காக நிறுத்துவதற்குக் கைதோ தண்டனையோ தேவையில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்குச் சான்று இருந்தால் போதும். ஆனால் கைது செய்யப்பட்டார் என்ற பதிவு மட்டுமே சான்றாகாது என்று 2015-இல் ஹட் எல்லா ஆணையங்களுக்கும் எழுதியது. கஞ்சாவைப் பொறுத்தவரை, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் அனுமதித்துவிட்டாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் அது இன்னும் குற்றமாகவே இருக்கிறது. ஏற்கெனவே உதவியில் இருப்பவர்களை அதற்காக நிறுத்துவதா வேண்டாமா என்பது ஆணையத்தின் விருப்பம்.

குடும்ப வன்முறைக்கு ஆளானவர், அந்த வன்முறை காரணமாகவே உதவியை இழக்கக் கூடாது. பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டத்தின் இந்தப் பாதுகாப்பு வவுச்சருக்கும் பொருந்தும், ஆண்களுக்கும் உண்டு. கணவன் கதவை உடைத்தான், போலீஸ் நான்கு முறை வந்தது, வீட்டுக்காரர் "தொடர் தொந்தரவு" என்று எழுதிவிட்டார் என்றால், அதை வாடகை ஒப்பந்த மீறலாக மனைவியின் மீது ஏற்ற முடியாது. அவர் தானே எழுதித் தரும் உறுதிமொழிப் படிவமே பெரும்பாலும் போதும். அதைக் கேட்டு ஆணையம் எழுத்தில் அறிவித்தால் 14 வேலை நாட்கள் அவகாசம் தர வேண்டும். அடித்தவரை மட்டும் குடும்பத்திலிருந்து நீக்கிவிட்டு மற்றவர்களுக்கு உதவியைத் தொடர வழி இருக்கிறது.

யாருடைய குற்றமும் இல்லாமலும் உதவி முடியலாம். வருமானம் உயர்ந்து, 30 சதவீதப் பங்கே முழு வாடகையையும் எட்டிவிட்டால் ஆணையம் கொடுக்க வேண்டியது பூஜ்யமாகும். அப்படி 180 நாள் கடந்தால் ஆணையத்துக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலான ஒப்பந்தம் தானாக முடிந்துவிடும். அதற்குள் வேலை போய் வருமானம் குறைந்தால் உடனே தெரிவித்து உதவியை மீட்கலாம். ஆணையத்துக்கே நிதி போதாமல் போனாலும் நிறுத்தலாம். 2021-இல் கொரோனாக் காலத்தில் கொடுத்த சுமார் 70,000 அவசரகால வவுச்சர்களுக்கான பணம் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே தீர்ந்துகொண்டிருக்கிறது என்று 2025-இல் ஹட் அறிவித்தது இந்த வகைதான். வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுதுகளைச் செய்யாததால் வீடு ஆய்வில் தேறவில்லை என்றால், அந்த வீட்டுக்கான பணம் நிற்கும், ஆனால் குடும்பத்தின் வவுச்சர் போகாது. வேறு வீடு தேடிக்கொள்ளலாம்.

சொத்து பற்றியும் ஒரு வார்த்தை. 2016-இல் நிறைவேறிய சட்டம் ஒன்று, நிகரச் சொத்து 1 லட்சம் டாலரைத் தாண்டினால் உதவி இல்லை என்றது. பணவீக்கத்துக்கு ஏற்ப அந்த எல்லை ஆண்டுதோறும் கூடுகிறது. குடியிருக்கத் தக்க வீடு சொந்தமாக இருந்தாலும் தகுதி போகலாம். திருச்சியில் தாயார் பெயரில் வீடு இருந்தால், நியூ ஜெர்சியில் வாழ்கிறவருக்கு அது குடியிருக்கத் தக்கது அல்ல என்று வாதிடலாம். ஆனால் விற்கும் உரிமை அவரிடம் இருக்கும்வரை அதன் மதிப்பு சொத்துக் கணக்கில் சேரும். ஏற்கெனவே உதவியில் இருப்பவர்களிடம் இந்த வரம்பைச் செயல்படுத்தாமல் விட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அமலுக்கு வரும் தேதிகள் பலமுறை தள்ளிப்போயிருப்பதால், உங்கள் ஆணையம் என்ன செய்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மறைப்பது மட்டும் வேண்டாம், மறைத்தால் சொத்துப் பிரச்சினை மோசடிப் பிரச்சினையாகிவிடும்.

இப்போது மாற்ற வழி உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். உதவியை வெட்டுவதற்கு முன்பே விசாரணை வேண்டும் என்ற கொள்கை, நலத்திட்ட உதவி பற்றி 1970-இல் உச்ச நீதிமன்றம் கோல்ட்பெர்க் எதிர் கெல்லி வழக்கில் சொன்னதிலிருந்து வருகிறது. இவர்களிடம் பணம் நின்றுபோன பிறகு வழக்காடச் சொல்வது, சாப்பாட்டைப் பறித்துவிட்டு வாதாடச் சொல்வது போன்றது என்பது அதன் சாரம். வவுச்சர் விதியிலும் அதுவே இருக்கிறது. கடிதத்தில் காரணம் சுருக்கமாகவாவது இருக்க வேண்டும், விசாரணை கேட்கும் உரிமையும் கடைசித் தேதியும் இருக்க வேண்டும். அந்தத் தேதியை ஒருநாள்கூடத் தவறவிடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள், நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள் அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உரிய காலத்தில் கேட்டுவிட்டால், விசாரணை முடியும்வரை நடப்பு வீட்டுக்கான பணத்தை நிறுத்த முடியாது. அதோடு கோப்பைப் பார்க்கவும் நகலெடுக்கவும் அனுமதி கேளுங்கள். கேட்டும் காட்டாத ஆவணத்தை ஆணையம் விசாரணையில் பயன்படுத்த முடியாது. முடிவெடுத்தவரோ அவருக்குக் கீழ் வேலை செய்கிறவரோ விசாரணை அதிகாரியாக இருக்கக் கூடாது. வழக்கறிஞரை அழைத்துப் போகலாம். தாயாருக்கு ஆங்கிலம் வராது என்றால் மொழிபெயர்ப்பாளரை ஆணையமே ஏற்பாடு செய்யும்படி கடிதத்திலேயே கேளுங்கள். பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளராக உட்காரும்போது, அம்மா சொன்னதைவிட மகன் சொல்ல நினைத்ததுதான் பதிவாகிறது.

விசாரணையில் "அப்படி நடக்கவில்லை" என்று வாதிடுவது பாதி வேலைதான். "லாம்" வகைக் காரணங்களில், எல்லாச் சூழலையும் கருத்தில் கொள்ள விதி இடம் தருகிறது: தவறு எவ்வளவு கடுமையானது, யாருக்கு எவ்வளவு பங்கு, குடும்பத்தில் யாருக்காவது உடற்குறையோ மனநலக் குறையோ உண்டா, தவறில் பங்கில்லாதவர்களுக்கு இதனால் என்ன ஆகும் என்பதெல்லாம். தவறு செய்தவர் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு மற்றவர்களுக்கு உதவியைத் தொடரலாம். மறதி நோயால் படிவத்தைத் தவறவிட்டவருக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கான நியாயமான விட்டுக்கொடுத்தலாக மறுவாய்ப்புக் கேட்கலாம்; அதற்கு மருத்துவரின் கடிதம் உதவும். தீர்ப்பு எழுத்தில் வரும். அதுவும் பாதகமாக வந்தால் நீதிமன்றம் போகலாம். அதற்கான கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறு, பெரும்பாலும் குறுகியது. ஆகவே சட்ட உதவி அலுவலகத்தை இன்றே கூப்பிடுங்கள், தீர்ப்பு வந்த பிறகு அல்ல.

உங்கள் தாயாரின் நிலையில் ஒரு பொறி இருக்கிறது. நான்கு மாதம் என்பது 180 நாளுக்குள்தான். ஆனால் ஆணையத்தின் சொந்த எல்லை அதைவிடக் குறைவாக இருந்தால், "வீடு காலியாக இல்லை, மகன் இருந்தான்" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். அந்த வாக்கியம் ஒரு குற்றச்சாட்டுக்குப் பதிலாகி, இன்னொன்றை ஒப்புக்கொள்வதாக முடியும். ஏனென்றால் தம்பி ஆணையத்தின் ஏட்டில் குடும்பத்தினர் அல்ல. அவர் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பியிருந்தால் அது உள்வாடகை போலவும் தெரியும். அது வழக்கமாகத் தாயாருக்கு அனுப்பும் பணம்தான் என்றால் முந்தைய ஆண்டுகளின் வங்கிக் கணக்கு அதைக் காட்டும், எடுத்து வையுங்கள். தம்பிக்கு வேறு முகவரி இருந்ததா என்பதுதான் மொத்த வழக்கும். அவருடைய சொந்த வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, ஓட்டுநர் உரிமத்திலும் வருமான வரிப் படிவத்திலும் உள்ள முகவரி, கார் காப்பீடு ஆகியவை வேறிடத்தைக் காட்டினால், அவர் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்த விருந்தாளி, எல்லைக்கு மேல் தங்கிவிட்டார் என்ற அளவில் இது நிற்கும். அவை எல்லாம் தாயாரின் முகவரியையே காட்டினால், உண்மையைச் சொல்லி, கணக்கைச் சரிபார்த்து, தவணை ஒப்பந்தம் கேட்பதே நல்லது.

தம்பி காலி செய்ய வேண்டுமா என்றால், ஆம், இந்த வாரமே. போன தேதிக்கு ஆதாரம் வேண்டும்: புதிய வாடகை ஒப்பந்தம், தபால் நிலையத்தில் முகவரி மாற்றிய சீட்டு, வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதத்தின் நகல். ஆனால் அவர் அங்கே தங்கவே இல்லை என்று யாரும், தாயாரும், எங்கும் எழுதிக் கையெழுத்திடக் கூடாது. தங்கியது "லாம்" வகைக் காரணம், அதற்குப் பேச இடம் இருக்கிறது. பொய்யான கையெழுத்து மோசடியாகிவிட்டால், விதியில் அதுவும் "லாம்" வகைதான் என்றாலும், நான் உட்கார்ந்திருந்த அறைகளில் அதற்குப் பிறகு யாரும் சூழ்நிலையைப் பற்றிக் கேட்டதில்லை.